மெட்டால் ஒத்துக்கொள்ளாத கைக்கு எந்த வழி?

என் மாமா காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எப்போது பார்த்தாலும் வெடித்துக் கிடக்கும். நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, புளியமரப் பட்டை மாதிரி இருக்கும். கேட்டால், "கெமிக்கல்ல வேலை செய்யிற கைடா, அப்படித்தான் இருக்கும்" என்பார். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். வீட்டில் எல்லோரும் கவனித்த ஒரு விஷயம் உண்டு: ஆடி மாதம் அந்தக் கை ஆறிவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, கழுவ பிலிம் இல்லை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கி இரண்டு வாரம் ஆனால் விரல் மறுபடியும் வெடிக்கும். இதை யாரும் ஒரு டாக்டரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், காரணத்தை அவர் அந்த ஆடிக் கணக்கிலிருந்தே பிடித்திருப்பார்.

அந்த வரிசையில் அடுத்த கை என்னுடையது. சென்னையில் வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி, வாரக் கடைசிகளில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழெட்டு மாதம் ஒன்றுமே இல்லை. வெறுங்கையால் மருந்து ஊற்றிய டிரேயில் பேப்பரைப் புரட்டுவேன், அதில் ஒரு பெருமை கூட. அப்புறம் ஒரு திங்கட்கிழமை விரல் இடுக்கில் அரிப்பு, செவ்வாய்க்கிழமை கடுகளவு நீர்க்கொப்புளங்கள். ஆபீஸ் கைகழுவும் சோப்பைத்தான் முதலில் திட்டினேன். பிரிண்ட் போட்டது சனிக்கிழமை, அரித்தது திங்கட்கிழமை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நான்கு வாரம் பிடித்தது.

இந்த இடைவெளிதான் ஆளைக் குழப்புவது. தொட்டால் சுடுகிற பொருள் என்றால் அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வாமை அப்படி இல்லை. முதலில் பல மாதம், சிலருக்குப் பல வருடம், உடம்பு அந்தப் பொருளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று மனதில் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு தடவை பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத் தோல் கிளம்பும். குறித்தது குறித்ததுதான், அழிக்க மருந்து இல்லை. களிம்பு அந்தத் தடவை வந்த எரிச்சலை அடக்கும், உடம்பின் நினைவைத் தொடாது. இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் எந்த வழி என்று பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

கறுப்பு வெள்ளை இருட்டறையில் முதல் சந்தேகம் எப்போதும் மெட்டால் மேல்தான். பிலிமிலும் பேப்பரிலும் படத்தை வரவழைக்கும் கரைசலுக்கு டெவலப்பர் என்று பெயர், அதில் சேர்ப்பதற்காக 1891இல் ஜெர்மனியின் ஹாஃப் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு அது. கோடாக் அதையே எலான் என்ற பெயரில் விற்றது. வந்த கொஞ்ச காலத்திலேயே போட்டோக்காரர்களின் விரல்களில் புண் வரத் தொடங்கியது. சரக்கில் கலந்த அழுக்குதான் காரணம் என்று நெடுநாள் பேசிக்கொண்டார்கள். சுத்தம் செய்த மெட்டாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாமா மாதிரி ஆட்கள் மெட்டால், ஹைட்ரோகுவினோன், சல்பைட், கார்பனேட், புரோமைடு என்று தனித்தனியாக வாங்கி, தராசில் நிறுத்துக் கலக்கியவர்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' சரக்கு ஓடிய காலம் அது. கரைசல் படும் கை ஒரு பக்கம் என்றால், நிறுக்கும்போது பறக்கிற தூள் முகத்திலும் கழுத்திலும் படிவது இன்னொரு பக்கம்.

என் முன்னால் இருந்த வழிகள் இவை: அதே டெவலப்பர், கையில் கையுறை. அல்லது மெட்டால் இல்லாத டெவலப்பர். அல்லது பிரிண்ட்டை விட்டுவிட்டு, மூடிய டேங்கில் பிலிம் மட்டும் கழுவுவது. அல்லது எல்லாவற்றையும் லேபுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா படம் எடுப்பது. நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காபித்தூள் என்று சொன்னவரும் உண்டு. அவரைப் பிறகு பார்ப்போம்.

இவற்றை எடைபோடும் முன் ஒரு படி இருக்கிறது. நானும் அதைத் தாண்டிக் குதிக்கத்தான் பார்த்தேன். கையில் வந்தது ஒவ்வாமைதானா, வெறும் எரிச்சலா? கார்பனேட் உள்ள டெவலப்பர் காரம், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் அமிலம், நடுவே இருபது தடவை தண்ணீர், சோப்பு. எந்தத் தோலும் இதில் காய்ந்து வெடிக்கும். அதற்கு ஒவ்வாமை தேவையே இல்லை. பொதுவாக, வெறும் எரிச்சலில் எரிவும் வறட்சியும் முந்தும். பட்ட இடத்தோடு நிற்கும். ஒவ்வாமையில் அரிப்பு முந்தும், கொப்புளம் வரும், படாத இடத்துக்கும் பரவும், கண்ணைத் தேய்த்தால் இமை வீங்கும். ஆனால் இரண்டும் ஒரே கையில் குடித்தனம் நடத்துவதும் சாதாரணம், கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெறும் எரிச்சல்தான் என்றால் பேப்பரைப் பிடிக்க இடுக்கியும் நல்ல களிம்பும் போதும், டெவலப்பரை மாற்ற வேண்டியதே இல்லை. அதனால்தான் இந்தப் படி முக்கியம்.

தெரிந்துகொள்ளும் வழி பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு சிறு வட்டுகளில் வைத்து மேல் முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். எடுத்ததும் ஒரு தடவை பார்ப்பார்கள், மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சென்னையில் சித்திரை மாதத்தில் இதைச் செய்துகொள்ள நினைப்பவருக்கு என் அனுதாபங்கள். நான் மார்கழி வரை காத்திருந்தேன். இன்னொன்று, தோல் டாக்டர்கள் வழக்கமாக ஒட்டும் தொகுப்பில் நிக்கல், குரோமியம், முடிச்சாயத்தில் உள்ள பாரா ஃபினிலின்டையமின், நறுமணப் பொருட்கள், ரப்பர் சரக்குகள் எல்லாம் இருக்கும், மெட்டால் இருக்காது. போட்டோ வேதிப்பொருட்களுக்கென்று தனித் தொகுப்பு உண்டு, அதை வரவழைக்க வேண்டும். "நான் இருட்டறையில் வேலை செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லாவிட்டால் டெஸ்ட் முழுக்க முடிந்து "ஒன்றும் இல்லை" என்று வரும், நாம் பழையபடி டிரேயில் கையை விடுவோம். பாட்டிலில் இருக்கிறதை நீங்களே முதுகில் ஒட்டிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். அந்த அடர்த்தியில் தோல் வெந்துபோகும். அதுவரை ஒத்துக்கொண்டிருந்த பொருளும் அதனாலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எனக்குப் பார்த்த டாக்டர் அம்மா, "பாட்டிலைக் கொண்டு வராதீங்க, அதுல என்ன இருக்குன்னு பேப்பர் கொண்டு வாங்க" என்றார். அது நல்ல யோசனை. ஒவ்வொரு டெவலப்பருக்கும் தயாரிப்பாளர் ஒரு பாதுகாப்புத் தாள் வெளியிடுகிறார், அதன் மூன்றாம் பகுதியில் உள்ளடக்கம் இருக்கும். மெட்டால் அங்கே மெட்டால் என்ற பெயரில் இருக்காது, நீளமான வேதிப்பெயரில் இருக்கும். பெயரோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 55-55-0 என்றால் மெட்டால். 123-31-9 என்றால் ஹைட்ரோகுவினோன், மெட்டாலோடு ஜோடி சேரும் சரக்கு. 92-43-3 என்றால் ஃபினிடோன், மெட்டாலுக்குப் பதில் போடுவது. எந்தக் கம்பெனி, எந்த மொழி என்றாலும் இந்த எண்கள் மாறாது. என் டெஸ்டில் மெட்டால் இடத்தில் சிவந்து தடித்தது. ஹைட்ரோகுவினோன் இடத்தில் ஒன்றும் இல்லை. இந்த இரண்டாவது விடைதான் பிற்பாடு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம். கையுறையில் தொடங்கலாம், எல்லோரும் முதலில் சொல்வது அதுதான்.

பிலிம் மட்டும் கழுவுகிறவருக்குக் கையுறை நல்ல வழி. டேங்க் மூடியிருக்கும். ஊற்றும்போதும் கவிழ்க்கும்போதும்தான் சொட்டும், மொத்த வேலையும் அரை மணி. மருத்துவர்கள் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை போதும், முடிந்ததும் தூக்கி எறிந்துவிட வேண்டும். லேடெக்ஸ் வேண்டாம். அதுவே சிலருக்கு ஒவ்வாது. நைட்ரைலிலும் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் சரக்குகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கையுறை போடத் தொடங்கிய பிறகு மணிக்கட்டு வரை ஒரே கோடாகச் சிவந்தால் டெவலப்பரைத் திட்டாதீர்கள், கையுறையைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சரக்கு சேர்க்காத நைட்ரைலும் கிடைக்கிறது.

பிரிண்ட் போடுகிறவரின் கதை வேறு. பேப்பரை உலர்ந்த கையால் எடுக்க வேண்டும், நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் ஃபோகஸ் பார்க்க வேண்டும், டைமரைத் தட்ட வேண்டும், டிரேயில் பேப்பரை ஆட்ட வேண்டும், அடுத்த பேப்பர். ஒரு மாலையில் முப்பது நாற்பது தடவை ஈரத்துக்கும் உலர்வுக்கும் போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. பத்தாவது தடவை ஈரக் கையுறையோடு டைமரைத் தொடுவோம், பதினொன்றாவது தடவை வெறுங்கையோடு அதே டைமரைத் தொடுவோம். நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில்லாத குளியலறையில் கால் மணி நேரத்தில் கையுறைக்குள் வியர்வை தேங்கிவிடும், ஊறிய தோல் எதையும் சுலபமாக உள்ளே விடும். அதைவிட மோசம், பிரிண்ட்டைத் தூக்கும்போது வழிகிற டெவலப்பர் கையுறையின் வாய் வழியாக உள்ளே இறங்குவது. அப்போது நடப்பது கிட்டத்தட்ட பேட்ச் டெஸ்ட்தான், முதுகுக்குப் பதில் கையில், அதுவும் டாக்டர் இல்லாமல்.

டிரே வேலைக்குக் கையுறையைவிட இடுக்கி மேல் என்பது என் அனுபவம். டெவலப்பருக்கு ஒன்று, ஸ்டாப் பாத்துக்கு ஒன்று, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவுக்கு ஒன்று. மாறவே கூடாது. பழைய ஸ்டுடியோக்காரர்கள் இடுக்கியைக் கேலி செய்வார்கள். பேப்பரின் சூடும் வழுவழுப்பும் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். மாமாவும் அப்படித்தான். கையில் பூசிக்கொள்ளும் தடுப்புக் களிம்புகளைப் பற்றி ஒரே வரி போதும்: ஏற்கெனவே ஒவ்வாமை வந்த கைக்கு அவை காவல் இல்லை.

என் கணக்கில் கையுறை என்பது ஒவ்வாமை வராதவர்கள் வராமல் பார்த்துக்கொள்ளும் வழி. வந்தவருக்கு அது துணைதான், தனியாக விடையாகாது. மிகக் கொஞ்சம் பட்டாலே கிளம்புகிற தோலுக்கு, 'பெரும்பாலும் படாது' என்கிற ஏற்பாடு போதாது.

அடுத்தது டெவலப்பரையே மாற்றுவது. நான் போன வழி. இதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஃபினிடோனுக்கு. 1940இல் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கம்பெனி ஆய்வகத்தில் ஜே. டி. கெண்டல் இதன் டெவலப்பர் குணத்தைக் கண்டுபிடித்தார். ஹைட்ரோகுவினோனோடு சேர்ந்து மெட்டால் செய்கிற அதே வேலையைச் செய்யும், அளவு மட்டும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும். தோலை அது சீண்டுவது மிக அபூர்வம். அபூர்வம் என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இதன் உறவினரான டைமெசோன் என்ற சரக்கு பாட்டிலில் கூடுதலாகத் தாங்கும் என்பதால், இன்றைய திரவ டெவலப்பர்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது.

கடையில் எது எது என்று தெரிந்தால் போதும். கோடாக் டி-76, இல்ஃபோர்டு ஐடி-11 இரண்டும் ஒரே சூத்திரம்தான். லிட்டருக்கு 2 கிராம் மெட்டால், 5 கிராம் ஹைட்ரோகுவினோன். வீட்டில் கலக்குபவர்களுக்குப் பிடித்த டி-23 இன்னும் மோசம், லிட்டருக்கு 7.5 கிராம் மெட்டால். பெர்செப்டாலிலும் மெட்டால் உண்டு. பேப்பருக்கான டெக்டாலிலும் உண்டு. மெட்டால் இல்லாதவை: இல்ஃபோர்டின் மைக்ரோஃபென், டிடி-எக்ஸ், இல்ஃபோசால் 3, கோடாக்கின் எச்சி-110, எக்ஸ்டால். பேப்பருக்கு இல்ஃபோர்டின் மல்டிகிரேடு டெவலப்பர், பிக்யூ யுனிவர்சல். 'பிக்யூ' என்ற இரண்டு எழுத்து ஃபினிடோன் ஹைட்ரோகுவினோன் ஜோடியைக் குறிக்கும். 'எம்க்யூ' என்று பார்த்தால் மெட்டால் என்று ஒதுங்கிக்கொள்ளுங்கள். சூத்திரங்கள் அவ்வப்போது மாறும், வாங்கும்போது பாதுகாப்புத் தாளில் அந்த எண்ணை ஒரு தடவை தேடிவிடுங்கள்.

பிக்யூ வகை எல்லாவற்றிலும் ஹைட்ரோகுவினோன் இருக்கிறது. பேட்ச் டெஸ்டில் அதுவும் தடித்தவருக்கு இந்த மாற்றம் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். முகத்து மங்குக்கு டாக்டர் எழுதித் தரும் சில களிம்புகளிலும் இதே ஹைட்ரோகுவினோன் உண்டு. அந்தக் களிம்பு பூசி முகம் சிவந்த அனுபவம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இவர்களுக்கு நல்ல இடம் எக்ஸ்டால். கோடாக் 1996இல் கொண்டுவந்தது. மெட்டாலும் கிடையாது, ஹைட்ரோகுவினோனும் கிடையாது. வைட்டமின் சி குடும்பத்து அஸ்கார்பேட்டும் டைமெசோனும் சேர்ந்தது. அடாக்ஸ் எக்ஸ்டி-3யும் இதே வழிதான். படத்தின் தரத்தில் நான் இழந்தது எதுவும் இல்லை. டி-76ஐவிடப் படத்தின் இருண்ட பகுதிகளில் விவரம் ஒரு சொட்டு கூடுதல் என்றே சொல்வேன்.

ஆனால் எக்ஸ்டாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். மெட்டால் டெவலப்பர் சாகும்போது பழுப்பாகி நமக்குச் சொல்லிவிட்டுச் சாகும். எக்ஸ்டால் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தபடியே செத்துப்போகும். கழுவி எடுத்தால் பிலிம் கண்ணாடி மாதிரி வெறுமையாக வரும். தண்ணீரில் இரும்பு, செம்பு கொஞ்சம் இருந்தாலும் அஸ்கார்பேட் சீக்கிரம் கெடும், நம் போர்வெல் தண்ணீருக்கு அதனோடு ஆகவே ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் கலக்குங்கள், சிறு பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் ரோலை டேங்கில் போடுவதற்கு முன், வெட்டிய பிலிம் நுனியை வெளிச்சத்திலேயே அதில் அமிழ்த்திப் பாருங்கள். சில நிமிடத்தில் கறுத்தால் உயிரோடு இருக்கிறது. இது தூளாக 5 லிட்டர் பாக்கெட்டில் வருவதும் மாதத்துக்கு இரண்டு ரோல் கழுவுகிறவருக்குச் சங்கடம். அவருக்கு டிடி-எக்ஸ் போன்ற திரவம்தான் சௌகரியம். விலை கூடுதல், ஆனால் தூள் பறக்காது.

பேப்பருக்கு எக்ஸ்டால் உதவாது. ஹைட்ரோகுவினோனும் ஆகாதவர்கள் அடாக்ஸின் நியூட்டால் எக்கோ மாதிரி அஸ்கார்பேட் பேப்பர் டெவலப்பர்களைத் தேட வேண்டும். எனக்கு ஹைட்ரோகுவினோன் ஒத்துக்கொள்கிறது என்று டெஸ்ட் சொல்லிவிட்டதால், சுலபமாகக் கிடைக்கும் மல்டிகிரேடு டெவலப்பரோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு விடை இல்லாவிட்டால் தேவையில்லாமல் வெளிநாட்டுப் பாட்டிலுக்கு அலைந்திருப்பேன்.

'மெட்டால் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகச் சிலர் சிபாரிசு செய்யும் இரண்டு மூன்று சரக்குகளை இங்கேயே தள்ளிவிடுகிறேன். ரோடினாலில் மெட்டால் இல்லை, உண்மைதான். ஆனால் அதில் இருக்கும் பாரா அமினோஃபீனால் மெட்டாலின் ஒன்றுவிட்ட சகோதரன். ஒன்றை எதிரியாகக் குறித்த உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். போதாக்குறைக்கு அது கடும் காரம். அமிடால் பக்கமும் போக வேண்டாம். பைரோ வகைகள் தோல் வழியாக உடம்புக்குள் போகும் நஞ்சு, அவற்றில் பிஎம்கே என்ற சூத்திரத்தில் மெட்டாலும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது காபி. 1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபியில் பிலிம் கழுவிக் காட்டினார்கள். பரவலாகப் புழங்கும் சூத்திரம் ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். ஆப்ப சோடாவைப் போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும், வேண்டியது சலவை சோடாதான். அது படிகமாக இருந்தால் 2.7 மடங்கு நிறுக்க வேண்டும். நல்ல காபி தேவையில்லை. மலிவான ரொபஸ்டாதான் இதற்கு மேல். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது, சிக்கரிக்கு இந்தத் திறமை அவ்வளவாகக் கிடையாது. படம் வரும், நன்றாகவே வரும். வாடை மட்டும் வீட்டில் இருப்பவர்கள் பொறுக்க வேண்டும். ஒவ்வாமைக்கு இது விடையா என்றால், மெட்டாலுக்குத் தப்பலாம், ஆனால் சலவை சோடாக் கரைசல் வெடித்த தோலில் பட்டால் பற்றி எரியும். சிறுவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க அருமையானது. ஆண்டு முழுக்க இதிலேயே கழுவ என்னால் ஆகாது.

பிரிண்ட்டை விட்டுவிட்டு டேங்கோடு நிற்பது பலருக்கு நியாயமான வழி. கழுவிய நெகட்டிவை ஸ்கேன் செய்துகொள்ளலாம். டிரே என்ற திறந்த குளமே இல்லாமல் போவதால் தோலில் படுவது மிகவும் குறைந்துவிடும். பிரிண்ட்டும் வேண்டும், டிரேயும் கூடாது என்பவர்களுக்குப் பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்து உருட்டும் மூடிய டிரம் உண்டு. கை படாது, மருந்தும் கொஞ்சம்தான் தேவைப்படும். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் முகம் மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கத்தானே இருட்டறைக்குப் போகிறோம்? டிரம்மில் அது தெரியாது. எனக்கு அந்த வியாபாரம் கட்டவில்லை.

லேபுக்குக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாக: முகம் வீங்குகிறது, இருமல் மூச்சிரைப்பு வருகிறது, முழங்கை வரை படர்கிறது என்றால் வேறு வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். மூச்சு சம்பந்தப்பட்டது தோல் கணக்கிலேயே வராது. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பையும் பூசிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். அதில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பை மறைக்கும், நீங்கள் மறுபடியும் டிரேயில் கையை விடுவீர்கள்.

கலர் பிலிமை வீட்டிலேயே கழுவலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையின் டெவலப்பரில் உள்ள சிடி-4 என்ற சரக்கு, முடிச்சாயத்தின் பாரா ஃபினிலின்டையமின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெட்டாலைவிடக் கெட்டிக்காரன். கலர் டெவலப்பர் ஒவ்வாமையில் வெறும் கரப்பான் (எக்ஸிமா) மட்டும் வராது. சிலருக்கு மணிக்கட்டிலும் முன்கையிலும் ஊதா நிறத்தில் தட்டையான அரிப்புத் தடிப்புகள் வந்து மாதக்கணக்கில் நிற்கும். தலைக்கு டை அடித்து நெற்றி வீங்கியவர், கறுப்பு மெஹந்தி போட்டுக் கை கொப்பளித்தவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. மெட்டால் ஆகாதவரும் அப்படியே. இவர்கள் கலர் ரோலை லேபுக்குக் கொடுத்துவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நான் பிலிமுக்கு எக்ஸ்டால், பேப்பருக்கு மல்டிகிரேடு, டிரேக்கு மூன்று இடுக்கி, ஊற்றும்போது மட்டும் நைட்ரைல் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் விரல் அரித்தது. மனது விட்டுப்போய்விட்டது, ஃபினிடோனும் ஆகாது போல, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் அம்மாதான், "கையை எதுல துடைக்கிறீங்க?" என்று கேட்டார். குளியலறைக் கதவில் தொங்கிய துண்டில். மெட்டால் காலத்துத் துண்டு அது, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. என்லார்ஜர் குமிழ், டைமர் சுவிட்ச், தாழ்ப்பாள், அளவுக் குடுவையின் கைப்பிடி எல்லாவற்றிலும் அதே பழுப்பு. டெவலப்பரை மாற்றிய நான் வீட்டை மாற்றவில்லை. துண்டை எறிந்தேன், மற்றதையெல்லாம் கையுறையோடு இரண்டு தடவை கழுவித் துடைத்தேன், டெவலப்பர் டிரேயைப் புதிதாக வாங்கினேன். கை துடைக்க இப்போது காகிதத் துண்டுதான். அரிப்பு மூன்று வாரத்தில் அடங்கியது.

இது நடந்து ஒரு ஆவணி, ஒரு தை தாண்டிவிட்டது. மாமா போன மாதம் வந்திருந்தார். கை எப்போதோ ஆறிவிட்டது, ஸ்டுடியோவையும் மூடி வெகுகாலம் ஆயிற்று. இருட்டறைக்குள் வந்தவர் பழக்க தோஷத்தில் டிரேக்குள் விரலை விடப் போனார். இடுக்கியை நீட்டினேன். "இதெல்லாம் எனக்குப் பிடிக்கத் தெரியாதுடா" என்றார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிரிக்காத டி-76 பாக்கெட் இரண்டு அலமாரியில் கிடந்தது. பிலிம் கழுவக் கற்றுக்கொள்ளும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன், நைட்ரைல் பெட்டி ஒன்றையும் சேர்த்து.